இரவுக் கூத்தை ஃபுல் ஃப்ரேமில் எடுத்தால் புள்ளியும் வரிக்கோடுமாக வருகிறது – என்ன செய்யலாம்?

ஏரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என் அம்மாவின் ஊர் வந்தவாசி பக்கம். அங்கே திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் படித்துக் கூத்து விடுவார்கள். சின்ன வயதில் கோணி விரித்து உட்கார்ந்து, நடுராத்திரியில் தூங்கிப்போய், கர்ணன் விழும்போது யாராவது தட்டி எழுப்பிவிட்டுப் பார்த்த கூத்து அது. எனக்கு மாமா முறை ஆகிற ஒருவர் துரியோதனன் வேஷம் கட்டுவார். வயதாகிவிட்டது, இன்னும் எத்தனை வருஷம் ஆடுவாரோ தெரியாது. அவர் ஆடுவதை ஒழுங்காகப் படம் பிடித்து வைக்க வேண்டும் என்பதற்காகவே காசு சேர்த்து, செகண்ட் ஹேண்டில் சோனி ஏ7 மார்க் 3 வாங்கினேன். இது ஃபுல் ஃப்ரேம், அதாவது சென்சார் பெரியது. அதற்கு முன் வைத்திருந்தது சென்சார் சின்னதான ஏபிஎஸ்-சி கேமரா. ஃபுல் ஃப்ரேம் வந்துவிட்டால் இருட்டு ஒரு பிரச்சினையே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

போன வாரம் பக்கத்து ஊரில் ஒரு கூத்து நடந்தது, பழகிக்கொள்ளலாம் என்று போனேன். கேமராவோடு வந்த 28-70 கிட் லென்ஸ்தான் கையில். மூங்கில் கம்பத்தில் இரண்டு எல்இடி ஃபோகஸ் லைட், ஒரு ஓரத்தில் மஞ்சள் தெருவிளக்கு. யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று சைலண்ட் ஷட்டர் போட்டுக்கொண்டேன், மற்றதெல்லாம் ஆட்டோ.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் மனசு உடைந்துபோனது. பெரும்பாலான படங்கள் ஷட்டர் 1/60 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டும் அளவு) 12800. படம் முழுக்க மணல் தூவியது போலப் புள்ளி. கைகால் எல்லாம் இழுபட்டுக் கிடக்கிறது. முகமோ வெளுத்துப்போய், கிரீடத்துக் கண்ணாடி எல்லாம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. சில படங்களில் குறுக்கே கருப்பு வரி வரியாக விழுந்திருக்கிறது, சென்சார் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

நான் கேட்பது இதுதான். கேமராவில் பழுதா? எஃப் 1.4 லென்ஸ் வாங்கினால்தான் ஆகுமா, அவ்வளவு காசு இப்போது இல்லை. இல்லை, புள்ளியை நீக்கும் டினாய்ஸ் சாஃப்ட்வேர் வாங்கினால் போதுமா? எங்கள் ஊர்க் கூத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

முக்காலி:

முதலில் பயத்தை விடுங்கள், சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வரிக்கோடு சைலண்ட் ஷட்டரால் வந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரிகிற விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி மங்கிப் பிரகாசிக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கப்படுகிறது, உங்கள் கேமராவில் அது நிதானமாகத்தான் நடக்கும். அப்படிப் படித்து முடிப்பதற்குள் விளக்கு பல தடவை மங்கி எழுந்துவிடுகிறது, மங்கிய நேரத்தில் படித்த வரிகள் கருப்பாக விழுகின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். மிருதங்கமும் முகவீணையும் முழங்குகிற இடத்தில் ஷட்டர் சத்தம் யார் காதிலும் விழாது. மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் என்று ஒன்று இருக்கிறது, அதையும் ஆன் செய்யுங்கள். விளக்கு நன்றாக எரிகிற கணம் பார்த்துக் கேமராவே ஷட்டரைத் திறக்கும். சைலண்ட் ஷட்டர் ஆனில் இருந்தால் இது வேலை செய்யாது என்பதை நினைவில் வையுங்கள். 1/100 அல்லது 1/50 வைத்தால் விளக்கின் முழுச் சுற்றும் படத்துக்குள் வந்துவிடுவதால் கவலையே இல்லை. ஆனால் மலிவான சில எல்இடி விளக்குகள் வேறு வேகத்தில் துடிக்கும், அவற்றுக்கு ஆன்டி-ஃப்ளிக்கர் கைகொடுக்காது. அதனால் கூத்து தொடங்குமுன் அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைச் சுவரையோ யாராவது கட்டியிருக்கும் வேட்டியையோ 1/100, 1/250, 1/500 என்று பத்துப் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். எதில் வரி விழுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது புள்ளி விஷயம். ஃபுல் ஃப்ரேம் வாங்கினால் இருட்டு ஓடிப்போகும் என்று சொன்னவர்கள் பாதிதான் சொன்னார்கள். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், பரப்பு 864 சதுர மி.மீ. உங்கள் பழைய ஏபிஎஸ்-சி சுமார் 23.5க்கு 15.6, அதாவது 367 அளவில் வரும். ஆக இரண்டேகால் மடங்கு வெளிச்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) ஒன்றேகால்தான். ஆனால் உங்கள் கிட் லென்ஸ் 70 மி.மீ.யில் எஃப் 5.6. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும். அதற்குப் பதிலாக எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால் 5.6ஐ 1.8ஆல் வகுத்து, வருவதை அதே எண்ணால் பெருக்குங்கள், ஒன்பதரை மடங்குக்கு மேல் வரும், ஏறக்குறைய மூன்றேகால் ஸ்டாப். கேமரா மாற்றிக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேலான லாபம் லென்ஸில் இருக்கிறது. புள்ளிக்குக் காரணம் ஐஎஸ்ஓ எண் என்று நினைக்கிறோம், உண்மையில் காரணம் வெளிச்சம் குறைவு. சென்சாரில் விழும் ஒளித்துகள் குறையக் குறைய அதன் இயல்பான ஏற்ற இறக்கம் புள்ளியாகக் கண்ணில் படுகிறது. ஐஎஸ்ஓ அந்தக் குறைந்த வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

எஃப் 1.4 தேவையில்லை. 85 மி.மீ. எஃப் 1.8 போதும், அதுவும் முடியாவிட்டால் 50 மி.மீ. எஃப் 1.8. சோனியின் அந்த 50 ஃபோகஸில் மெதுவானது, அது தெரிந்தே வாங்குங்கள். நான் எஃப் 2 வைத்து எடுப்பேன். 85இல் எஃப் 1.8 வைத்து 5 மீட்டர் தூரத்தில் நின்றால் தெளிவு ஒன்றேகால் அடி ஆழத்துக்குக் கிடைக்கும், 3 மீட்டருக்குப் போனால் அரை அடிகூட இருக்காது. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய ஆளுக்கு அரை அடி பத்தாது, அதனால் ரொம்ப நெருங்காதீர்கள்.

அடுத்தது முகம் வெளுத்தது. கூத்தில் பின்னால் முக்கால்வாசி கருப்பு வானம். கேமராவின் மீட்டர் அந்தக் கருப்பையும் சேர்த்துச் சராசரி பார்த்து, படம் இருட்டாக இருக்கிறது என்று முடிவுகட்டி வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. அதில்தான் முகம் வெளுக்கிறது, ஷட்டரும் தேவையில்லாமல் மெதுவாகிறது. மேனுவலுக்கு வாருங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், உங்கள் படம் ஒரு ஸ்டாப் தூக்கலாக இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதே வெளிச்சத்தில் எஃப் 2, 1/250, ஐஎஸ்ஓ 3200 சரியாக வர வேண்டும். 12800 எங்கே, 3200 எங்கே!

ரா ஃபைலில், அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பில் எடுங்கள். ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சிவப்பைத் தனியாகப் பாருங்கள். சிவப்பு அரிதாரம் பூசிய முகத்தில் சிவப்புச் சேனல்தான் முதலில் உச்ச எல்லையில் முட்டிக்கொள்ளும். மொத்த வெளிச்சத்தை மட்டும் காட்டும் வரைபடத்தில் எல்லாம் நலமாகத் தெரியும், வீட்டில் வந்து திறந்தால் கன்னத்தில் விவரமே இருக்காது.

பின்பாட்டு:

முக்காலி சொன்ன கணக்கில் எனக்குப் பேச ஒன்றுமில்லை, கேமராக்காரர் அவர். நான் கூத்துப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை கூத்தாடிகள். நான் ஆடவில்லை, ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடியிருக்கிறேன்.

தம்பி, கூத்தை எடுக்க வருகிறவர்கள் ஆட்டத்தைத் துரத்துகிறார்கள். வேகமாகச் சுழலும்போதுதான் படபடவென்று அமுக்குகிறார்கள். உங்களுக்கு வேண்டிய படம் அங்கே இல்லை. வேஷம் உள்ளே வருவதைக் கவனியுங்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்பார்கள், வேஷக்காரர் பின்னால் நின்று பாடுவார், கிரீடத்தின் நுனியும் கால் சலங்கையும் மட்டும் தெரியும். திரை விலகியதும் கொஞ்ச நேரம் அப்படியே நிமிர்ந்து நிற்பார். ஊரே அவரைப் பார்க்கிற நேரம் அது, அவரும் ஊரைப் பார்ப்பார். அப்புறம் கட்டியக்காரன், அதான் கோமாளி, வந்து நீங்கள் யார், எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்க ஆரம்பிப்பான். அந்தப் பேச்சு நீளமாகப் போகும், ராஜா நின்ற இடத்தில் நின்றே பதில் சொல்வார். முகத்தில் கோபமும் கர்வமும் மாறி மாறி வரும், உடம்பு அசையாது. 1/100 வைத்துத் தாராளமாக எடுக்கலாம்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஆள் உயரத்தில் இருக்கும், வெளிச்சம் நேராகக் கண்ணில் விழும். இப்போது ஃபோகஸ் லைட்டைக் கம்பத்தின் உச்சியில் கட்டுகிறார்கள். வெளிச்சம் மேலிருந்து வருவதால் கிரீடத்து நெற்றிப்பட்டையின் நிழல் கண்ணை மூடிவிடுகிறது. இதற்கு ஐஎஸ்ஓ ஏற்றிப் பிரயோசனமில்லை. ஆனால் மேல்ஸ்தாயியில் விருத்தம் (தாளமில்லாமல் நீட்டிப் பாடும் பாட்டு) எடுக்கும்போது எல்லோரும் தாடையைத் தூக்குவார்கள். அந்த நேரம் இமைக்கடியில் மை தீட்டிய கண் முழுசாக வெளிச்சத்துக்கு வரும், வேர்வை மினுக்குவதுகூடத் தெரியும். பாட்டு தெரிந்தவனுக்கு அது எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும். இரண்டு ராத்திரி கேமராவைப் பையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து கேளுங்கள்.

ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். சுழன்று ஆடி நிற்கிற மனிதனுக்கு ஏற்கெனவே தலை சுற்றும், அந்த நேரத்தில் கண்ணில் வெளிச்சம் அடித்தால் கால் தடுமாறும். என் சித்தப்பா ஒரு தடவை அப்படித்தான் பெஞ்சில் மோதி முழங்காலில் அடிபட்டார், மூன்று மாதம் ஆடவில்லை.

வேஷம் போடுகிற கொட்டகைக்குள் போக வேண்டுமானால் வாத்தியாரிடம் முதலில் கேளுங்கள். வெறும் கையோடு போகாமல், போன தடவை எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

வெள்ளியுப்பு:

நான் ஃபிலிம் காலத்து ஆள். டிரை-எக்ஸ் 400 என்ற கருப்பு வெள்ளை ஃபிலிமை 1600க்குத் தள்ளி டெவலப் செய்து கூத்து எடுத்தவன். 36 படம், அதில் நாலு தேறினால் சந்தோஷம். இன்று ஐஎஸ்ஓ 3200இல் கலரில் இவ்வளவு சுத்தமாக வருவதைப் பார்க்கும்போது, இதை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளி என்று வருத்தப்படுவது எனக்குத் தாங்கவில்லை.

ஏரிக்கரை, நீங்கள் படத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் படம் 6000க்கு 4000 பிக்சல். அதை 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 333 பிக்சல் வரும், அந்த நாய்ஸ், அதாவது நீங்கள் சொல்லும் புள்ளி, கைக்கெட்டும் தூரத்தில்கூடப் பெரிதாகத் தெரியாது. போனில் பார்ப்பவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது, அவ்வளவு பெரிய படம் சின்னத் திரைக்குச் சுருங்கும்போது பாதிப் புள்ளி தானே கரைந்துவிடும். கலங்கிய படம் எந்த அளவில் பார்த்தாலும் கலங்கியதுதான். அதனால் ஷட்டரைக் காப்பாற்றுங்கள், ஐஎஸ்ஓ எவ்வளவு வேண்டுமானாலும் போகட்டும்.

ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டு, வீட்டில் வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். ஏ7 மார்க் 3இல் ஐஎஸ்ஓ 640இலிருந்து சென்சாரின் சர்க்யூட்டே வேறு நிலைக்கு மாறும், அதற்கு மேல் இருட்டாக எடுத்துப் பிறகு ஏற்றினாலும் பெரிய நஷ்டமில்லை. கிரீடத்துக் கண்ணாடி வெறும் வெள்ளையாகிவிடும் இடத்தில் அரை ஸ்டாப் குறைத்து எடுக்க இது உதவும். ஆனால் ராத்திரி முழுக்க அப்படி எடுத்தால் கேமராவின் பின்னால் இருக்கிற திரையில் ஒன்றும் தெரியாமல் நாம்தான் தடுமாறுவோம், ஃபோகஸ் விழுந்ததா என்றுகூடப் பார்க்க முடியாது. பழைய கேனான் 6டி மாதிரியான கேமராவில் இதைச் செய்யவே கூடாது, நிழலில் கோடு கோடாக வரும்.

டினாய்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லைட்ரூமில் 2023இல் வந்த ஏஐ டினாய்ஸ் நல்ல வேலை செய்கிறது, மறுக்கவில்லை. எனக்கு அதில் ஒரு குறை உண்டு. கூத்தில் கன்னத்திலும் புருவத்துக்கு மேலும் வெள்ளையில் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்து வரைவார்கள் இல்லையா, முழு அளவுக்கு ஏற்றினால் அதையும் நாய்ஸ் என்று நினைத்து வழித்துவிடுகிறது. இரண்டு மணிநேரம் கண்ணாடி பார்த்து ஒருவர் வைத்த புள்ளி அது. நான் பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை. கலர் நாய்ஸை மட்டும் முழுசாக எடுத்துவிடுங்கள், மற்ற மணல் இருந்துவிட்டுப் போகட்டும்.

1/250 பற்றி முக்காலியோடு எனக்குக் கொஞ்சம் வேறுபாடு உண்டு. எல்லாவற்றையும் உறைய வைத்தால் பொம்மை மாதிரி ஆகிவிடும். முகம் நின்று, பாவாடையின் ஓரமும் சலங்கையைச் சுற்றி எழும் புழுதியும் கொஞ்சம் இழுபடட்டும், 1/80, 1/100இல் அது வரும். சுழற்சியை எடுக்க ஆசைப்பட்டால் 1/30 வைத்து ஆளோடு சேர்ந்து கேமராவைத் திருப்பிப் பாருங்கள். இருபதில் ஒன்று தேறும், அந்த ஒன்று போதும்.

முக்காலி:

ஐயா சொல்வதை ஏற்கிறேன், பேச்சுக் காட்சிக்கு 1/100, சண்டைக்கு 1/250 அல்லது அதற்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். 1/30இல் நானும் முயன்றிருக்கிறேன், ஒன்றும் தேறவில்லை, மறுபடி பார்க்கிறேன்.

சொல்ல விட்டது இரண்டு. ஐ ஏஎஃப் (கண்ணைத் தேடும் ஆட்டோ ஃபோகஸ்) கண்ணைப் பிடிக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கெட்டி அரிதாரம், பெரிய மீசை, கிரீடம் எல்லாம் சேர்ந்தால் சில சமயம் அதற்கு முகமே முகமாகத் தெரியாது. ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாற ஒரு பட்டனை ஒதுக்கி வையுங்கள், அரிதாரமும் புருவமும் சேருகிற கோட்டில் வைத்தால் சட்டென்று பிடிக்கும். மழமழவென்ற கன்னத்தில் வைத்தால் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அப்புறம் அந்த மஞ்சள் தெருவிளக்கு. சோடியம் விளக்கென்றால் அதன் வெளிச்சத்தில் மற்ற நிறங்களே சரியாக இல்லை, வொயிட் பேலன்ஸை (விளக்கின் நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) எங்கே தள்ளினாலும் பச்சை அரிதாரம் பச்சையாக வராது. எல்இடி முகத்தில் விழும்படி, தெருவிளக்கு உங்கள் முதுகுப்பக்கம் இல்லாதபடி இடம் பார்த்து உட்காருங்கள். வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஓர் எண்ணில் நிறுத்திவிட்டால் ராத்திரி முழுக்க எடுத்த படத்தை ஒன்றாகத் திருத்திவிடலாம். லென்ஸ் மாற்றுவதாக இருந்தால் பந்தலுக்கு வெளியே போய் மாற்றுங்கள், அந்தப் புழுதி சென்சாரில் உட்கார்ந்தால் தனிச் செலவு.

ஏரிக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

நண்பர் ஒருவரிடம் 85 எஃப் 1.8 இரவல் கிடைத்தது. நேற்று முன்தினம் செய்யாறு பக்கம் ஒரு கூத்துக்குப் போனேன், மாமாதான் துரியோதனன். பின்பாட்டு அண்ணன் சொன்னபடி முதல் இரண்டு மணிநேரம் கேமராவை எடுக்கவே இல்லை. வேட்டிச் சோதனையில் 1/500இல்தான் வரி தெரிந்தது, 1/250இல் சுத்தமாக இருந்தது. எஃப் 2, 1/100, ஐஎஸ்ஓ 1250இல் தொடங்கி, சண்டை வந்ததும் 1/250, 3200க்குப் போனேன். முக்காலி போட்ட கணக்கு அப்படியே நின்றது.

திரை விலகினதும் மாமா நின்றாரே, அந்தப் படம் கிடைத்துவிட்டது. அப்புறம் விருத்தத்தில் தாடையைத் தூக்கின இடம். அண்ணா, நீங்கள் சொல்லாவிட்டால் அது எனக்குத் தெரிந்தே இருக்காது. பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கண்ணின் ஓரத்தில் அரிதாரம் வேர்வையில் விரிசல் விட்டு, அதற்கு அடியில் அவருடைய சொந்தச் சுருக்கம் தெரிகிறது. கிரீடத்தில் ஒரு கண்ணாடித் துண்டு விழுந்துபோய், அந்த இடத்தில் பசை காய்ந்த தடம் மட்டும் இருக்கிறது. புள்ளி இருக்கிறதா என்றால் இருக்கிறது, நிழலில் பொடியாக. நான் டினாய்ஸ் போடவே இல்லை.

எண்பது படம் தேறியிருக்கிறது, கலங்கியது முந்நூறுக்கு மேல். பெரும்பாலும் ஃபோகஸ் தப்பு, புருவக் கோட்டில் வைக்கக் கை இன்னும் பழகவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். கடைசி நாள் ராத்திரி பதினெட்டாம் போர் முடிந்து, விடியற்காலம் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் படுத்திருக்கும், மாமா அதைச் சுற்றித்தான் ஆடுவார். ராத்திரி விளக்கிலிருந்து விடியல் வெளிச்சத்துக்கு மாறுகிற அந்த ஒரு மணிநேரத்தை மேனுவலில் எப்படிச் சமாளிப்பது?

முக்காலி:

ஷட்டரையும் எஃப் எண்ணையும் நீங்கள் பிடித்துக்கொண்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். கருப்பு வானம் இருக்கும் வரை எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (மீட்டர் சொல்வதைக் கூட்டிக் குறைக்கும் அளவு) மைனஸ் 1, வானம் வெளுக்கத் தொடங்கியதும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஐஎஸ்ஓ 100ஐத் தொட்டு எண் மினுக்க ஆரம்பித்தால் எஃப் 4, 1/500 என்று ஏற்றிக்கொள்ளலாம். ராத்திரி நிறுத்தி வைத்த வொயிட் பேலன்ஸை அப்போது ஆட்டோவுக்கு மாற்ற மறக்காதீர்கள். விளக்கும் வானமும் சமமாக இருக்கும் நேரம் பதினைந்து, இருபது நிமிஷம்தான், மண் உருவம் முழுசாகத் தெரிந்து பின்னால் வானம் நீலமாக இருக்கும். பேட்டரியை அதற்கு முன்பே மாற்றி வையுங்கள்.

பின்பாட்டு:

படுகளத்தன்று கூட்டம் முன்னால் அடைத்துக்கொள்ளும். நாலு மணிக்கே போய் மண் துரியோதனனின் தலைமாட்டில் இடம் பிடியுங்கள், கிழக்கு எந்தப் பக்கம் என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போங்கள் தம்பி.